நான் படிக்காமல் விட்ட சண்டை

எங்கள் வீட்டுக்கு வந்த வாரப்பத்திரிகையில் அச்சு மையின் வாசனையை நான் முகர்ந்ததே இல்லை. நான்கு வீடு சுற்றி ஐந்தாவதாகத்தான் அது எங்களிடம் வரும் என்பதால், முதல் வீட்டு அம்மாள் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய், அடுத்த வீட்டில் யாரோ மஞ்சள் கையோடு புரட்டிய அடையாளம், சாயம் போடுகிறவர் விரல் வைத்த இடத்தில் ஓர் அரக்குப் பொட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக அதைச் சைக்கிளில் கொண்டுவந்து வாடகைக்குக் கொடுக்கும் புத்தகக்காரரின் பையிலிருந்த மூக்குப்பொடி நெடி என்று எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருவே அதில் மணக்கும். நெடி தாளாமல் நான் இரண்டு தும்மல் போட்டால் போதும், தறியில் இருக்கும் சித்தப்பா, "புக்கு வந்துட்ச்சி டோய்" என்று சொல்லிவிடுவார்.

அறுபதுகளின் நடுவில் எனக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, ராட்டையில் நூல் சுற்றிக் கொடுக்க உட்கார்ந்தவள் நான். அப்பா, அம்மா, சித்தப்பா மூவருக்கும் எழுத்துத் தெரியாது. அப்பாவும் சித்தப்பாவும் ஏழு வயதிலேயே தறிக்கு வந்தவர்கள். ஆகவே வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்ற பெருமை எனக்கு இருந்தது. அந்தப் பெருமை செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன். எழுத உட்கார்ந்ததிலிருந்தே படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்றுதான் யோசனை. எனக்கு எப்போதும் அப்படித்தான். வாசலில் யாராவது குரலை உயர்த்திப் பேசினால் கொல்லைப்புறம் போய் நின்றுகொள்ளும் பெண் நான். "இவ நெழலே இவள மெரட்டும்" என்று அம்மா சிரிப்பாள்.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் "கோர்வை"ப் புடவையை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. நடுவில் உட்காருபவர் உடலுக்கான குறுக்கு நூல் வைத்த நாடாவை ஓட்ட, பக்கத்தில் உட்காருபவர் கரைக்கான நாடாவைத் தள்ளவேண்டும். ஒவ்வொரு இழைக்கும் இரண்டு நிற நூலும் கரையோரத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்பவேண்டும். ஒருவர் கை அரை நொடி முந்தினால் கரையில் ஓட்டை விழும். எங்கள் தறியில் நடுவில் அப்பா, பக்கத்தில் சித்தப்பா. பதினைந்து வருடமாக இருவரும் அப்படி உட்கார்ந்து நெய்ததில் மூச்சு வாங்குவதுகூட இருவருக்கும் ஒன்றாகிப் போயிருந்தது.

அந்த இருவரும்தான் ஒன்றரை வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை.

சித்தப்பாவுக்குப் பக்கத்து ஓரிக்கையில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். அவரும் அந்தப் பெண்ணைக் கருடசேவைக் கூட்டத்தில் பார்த்துவிட்டு வந்து, கேட்காதவர்களிடமெல்லாம் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க மிகவும் பாடுபட்டார். பெண்ணின் தகப்பனாருக்கு ஆண்பிள்ளை கிடையாது. வீட்டில் தறி இருந்தது. மாப்பிள்ளை அங்கேயே வந்து இருந்துவிட வேண்டும் என்று கேட்டார்கள். அப்பா தனியாகப் போய் வந்து, "ஜாதகம் பொருந்தலப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தப் பெண்ணை அந்த வருடமே வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் வரதர் கோயில் வாசலில் சித்தப்பாவைப் பார்த்த ஜோசியர், அத்தனை நல்ல பொருத்தத்தை ஏன் விட்டீர்கள் என்று வெள்ளை மனதோடு கேட்டிருக்கிறார்.

சித்தப்பா வீட்டுக்கு வந்து தறிக்கு எதிரே நின்றதை நான் பார்த்தேன். "ஜாதகம் பொருந்தலன்னு சொன்னியேண்ணா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அப்பா தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த நாடாவை ஓட்டினார். அது மறுபக்கம் போய் நின்றது. அதன் நூலைப் பிடிக்கக் கரைப்பக்கம் ஆள் இல்லை. சித்தப்பா வந்து தன் இடத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளினார். தம்பி போய்விட்டால் கோர்வைக்கு ஆளில்லை என்ற பயத்தில் அண்ணன் ஒரு கல்யாணத்தைக் கலைத்திருக்கிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு என்னைச் சுற்றிக்கொண்டுதான் போகும். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, "கஸ்தூரிம்மா, நூலு அறுந்துட்ச்சாம்னு சொல்லு" என்பார் சித்தப்பா. "முடி போடச் சொல்லு" என்பார் அப்பா. நான் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை சொல்வேன். அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டு ஊமைங்களுக்கு வடிச்சிக் கொட்டறேன். அதுக்கு நடுவுல இந்தப் பொண்ணு தபால்காரன் வேல பாக்குது" என்று முணுமுணுப்பாள்.

இந்த நிலையில்தான் அந்த வாரப்பத்திரிகையில் ஒரு தொடர்கதை வந்தது. அண்ணன், தம்பி, கொஞ்சம் நிலம். தம்பிக்குப் பட்டணத்தில் வேலை கிடைத்து வந்த கடிதத்தை அண்ணன் மறைத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறான். நான் தறிக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படிப்பேன், தறி நிற்காது, முக்கியமான இடம் வந்தால் மட்டும் சத்தம் மெதுவாகும். கடிதம் பெட்டிக்குள் போன வாரம் தறி முழுதாகவே நின்றுபோயிற்று.

"தம்பி லெட்டர ஒளிச்சி வெக்கிறானே, இவனெல்லாம் ஒரு அண்ணனா கஸ்தூரி?" என்று சித்தப்பா என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அப்பா, அவரும் என்னைப் பார்த்தே, "சின்னவன் போயிட்டா அந்த நெலத்த யாரு பாக்கறது? அவன் நெலமையையும் யோசிக்கணுமில்ல?" என்றார்.

"யோசிச்சா வாயத் தொறந்து சொல்லணும். திருட்டுத்தனம் எதுக்கு?"

"சொன்னா இருப்பானா சின்னவன்?"

"சொல்லிப் பாத்தாத்தானே தெரியும்!"

ஒன்றரை வருடத்தில் அன்றுதான் ஒருவர் கேட்டதற்கு மற்றவர் பதில் சொன்னார். கண்கள் மட்டும் என் மேலேயே இருந்தன. அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்று பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு என்னிடம், "கதைய வெச்சி அடிச்சிக்கிறாங்கடி. அடிச்சிக்கட்டும். நீ நிறுத்தாம படி" என்றாள். அவளுக்குப் புரிந்திருந்தது. எனக்குப் புரியவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் குரல் உயர்ந்தது மட்டும்தான்.

வாரத்துக்கு வாரம் குரல் உயர்ந்தது. சித்தப்பா கதையில் வரும் பெரியவனைத் திட்டுவார். அப்பா சின்னவனுக்கு நன்றி இல்லை என்பார். ஒரு வாரம் அப்பா நாடாவைக் கீழே போட்டுவிட்டார். இன்னொரு வாரம் சித்தப்பா சோற்றுக்கு வராமல் ஏரிப் பக்கம் போய்விட்டார். கதை எழுதுகிறவர் எங்கேயோ பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டில் நெருப்பு வைக்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வரும். இவர்கள் கைகலந்துவிட்டால் என்ன ஆவது, சித்தப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டால் என்ன ஆவது, தறி நின்றால் என்ன ஆவது என்று ராட்டை சுற்றும்போதெல்லாம் இதே நினைப்பு. நூலைத் தப்பாகச் சுற்றி எத்தனையோ முறை திட்டு வாங்கினேன்.

பெட்டிக்குள் இருந்த கடிதம் சின்னவன் கையில் கிடைப்பதோடு ஒரு வாரம் "தொடரும்" போட்டுவிட்டார்கள். அந்த ஏழு நாளும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அடுத்த இதழ் வரும் நாளன்று சித்தப்பா காலையிலேயே குளித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா தறியைத் தொடவே இல்லை. புத்தகத்தை வழியில் பிரிக்கக் கூடாது, எல்லோருக்கும் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அன்று என்னால் முடியவில்லை. தெருமுனையில் புத்தகக்காரரிடம் வாங்கியதும், நெசவுக்கு நீளவாட்டில் ஓடும் பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்த கம்பங்களுக்குப் பின்னால் நின்று பிரித்தேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு சின்னவன் களத்துமேட்டுக்கு வருகிறான். அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடிக்கிறான். "என்னை உயிரோடு புதைத்துவிட்டாயே" என்கிறான். அதற்கு மேல் எழுத்துகள் எனக்கு ஆடின. மூடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, முதல் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, இல்லாததைப் படித்தேன். சின்னவன் கடிதத்தைப் பார்த்தான்; அண்ணன் ஏதோ நல்லதற்குத்தான் செய்திருப்பார் என்று நினைத்தான்; பெட்டியிலேயே திரும்ப வைத்து மூடினான்; கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டு வந்தான்; அண்ணியார் இலை போட்டார்; இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தொடரும்.

புத்தகத்தை மூடி மடியில் வைத்தேன்.

"அவ்ளோதானா?" என்றார் சித்தப்பா.

"அவ்ளோதான் சித்தப்பா."

"ஒண்ணுமே கேக்கலியா அவன்?"

"கேக்கல."

அம்மாதான் பொறுக்க மாட்டாமல், "த்தூ! இந்தச் சோத்தத் தின்றதுக்கா ஒரு வாரம் காத்துக்கினு இருந்தோம்?" என்றாள். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு நாடாவைக் கையில் எடுத்தார். தறி ஓட ஆரம்பித்தது. வீட்டில் அமைதி வந்துவிட்டது. அன்று மத்தியானம் வரைக்கும் நான் என்னைப் பற்றி மிகவும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கொல்லையில், சாயம் தோய்த்த பட்டு காயும் கழிகளுக்கு அடியில் உட்கார்ந்து மீதியைப் படித்தேன். சண்டை மூன்று பக்கம் போயிற்று. கேட்கக்கூடாததெல்லாம் கேட்டான் சின்னவன். முதலில் பொய் சொன்னான் பெரியவன், பிறகு கத்தினான், கடைசியில் உட்கார்ந்துவிட்டான். நீ போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று பயந்துதான் செய்தேன், அதைப் பாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், தப்பு என்னுடையது என்று அழுதான். சின்னவன் சட்டையைப் பிடித்த அதே கையால் அண்ணனைத் தூக்கி நிறுத்தினான். மறுநாள் அவன் ஊரைவிட்டுப் போகத்தான் போனான். ஆனால் அறுப்புக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

என் அப்பா ஒன்றரை வருடமாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்த வார்த்தைகள் அச்சாகி என் மடியில் கிடந்தன. அவர் சொல்ல வேண்டியதுகூட இல்லை. நான் படித்திருந்தால் போதும். எழுந்து உள்ளே போய், "ப்பா, காலையில பொய் சொல்லிட்டேன், இப்ப படிக்கிறேன் கேளு" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாசற்படி வரை இரண்டு தடவை போனேன். அடிப்பார்களோ, இனிமேல் நான் எதைப் படித்தாலும் நம்பமாட்டார்களோ, சித்தப்பா என் முகத்தில் விழிக்கமாட்டாரோ என்று ஒவ்வொரு பயமாக வந்து என் காலைக் கட்டிக்கொண்டது. அடுத்த நாள் காலையில் புத்தகக்காரர் வந்து இதழை வாங்கிக்கொண்டு ஆறாவது வீட்டுக்குப் போய்விட்டார்.

சொன்ன பொய்க்கு ஏற்றபடி அடுத்தடுத்த வாரங்களையும் நானே ஓட்ட வேண்டியதாயிற்று. சண்டை இல்லாமல் கதை சொல்லிப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். அண்ணனும் தம்பியும் தேருக்குப் போனார்கள். மழை பெய்தது. பசு கன்று போட்டது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த வாரம் இன்னொரு பசுவையும் கன்று போட வைத்தேன்.

"இன்னாம்மா இது, மாட்டாஸ்பத்திரி கதையா?" என்றார் சித்தப்பா. சிரிக்கவில்லை. பெரியவனையும் சின்னவனையும் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை; பேச அங்கே என்ன இருந்தது? இரண்டு மாதத்தில் அப்பா, "அந்த புக்கு இனிமே வாணாம்னு சொல்லிடும்மா" என்றார். புத்தகக்காரர் எங்கள் வாசலில் மணி அடிப்பதை நிறுத்தினார். நூல் அறுந்தால் சொல்வதற்கு மட்டும் நான் மறுபடி தபால்காரியானேன்.

தறியில் ஏற்றிய பாவு முடியும் வரை சித்தப்பா இருந்தார். பாவை நடுவில் விட்டுப் போகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது, எவ்வளவு கோபமானாலும். கடைசிப் புடவையை அறுத்து இறக்கிய அன்று, மடிப்பதற்கு அப்பாவோடு சேர்ந்து எதிர்முனையைப் பிடித்தார். இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து, முனையோடு முனை சேர்த்து, கை தொட்டு, பிரிந்து போனார்கள். மறுநாள் காலையில் துணிப்பையோடு நின்றார். "அண்ணி, நான் பெங்களூரு போறேன். அங்க தறிக்கு ஆள் வேணுமாம்." அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா பின்கட்டில் நின்று ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். சித்தப்பா என் தலையில் கை வைத்து, "நல்லா படிக்கிறம்மா" என்றார். ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்த இரண்டு வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அவர் திரும்பி வரவில்லை. அப்பா கோர்வைக்கு வேறு ஆள் வைத்துப் பார்த்தார். இரண்டு பேர் வந்து போனார்கள். கரையில் ஓட்டை விழுந்தது. பிறகு கோர்வை வேண்டாத ஒரே நிறப் புடவைகளைத் தனியாக நெய்தார். சித்தப்பா அங்கே கல்யாணம் செய்துகொண்டார் என்றும், ஒரு மகன் பிறந்தான் என்றும் யாரோ வந்து சொன்னார்கள். எழுபதுகளின் கடைசியில், சித்தப்பா போய்விட்டார் என்று ஒரு தந்தி வந்தது. எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகியிருந்தது. அப்பாவை அழைத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய் இறங்கும்போது, காரியம் எல்லாம் முடிந்து வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில், வாலாஜா தாண்டி வெயில் ஏறிய நேரத்தில், நான் சொன்னேன். பதின்மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அந்த இரைச்சலில்தான் சொல்ல முடிந்தது. "ப்பா, அன்னிக்கி கதையில சண்டை இருந்துச்சிப்பா. பெரியவன் தப்பு என்னுதுன்னு அழுவான். நான் படிக்கல. நான்தான் மாத்திட்டேன்."

அப்பா ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை. "தெரியும்மா" என்றார்.

எனக்குக் கேட்டது சரிதானா என்று தெரியவில்லை.

"எழுத்து தெரியாதவன்தான். ஆனா நீ பக்கத்தத் திருப்பவே இல்லியே. எப்பவும் நாலு பக்கம் படிக்கறவ, அன்னிக்கி ஒரே பக்கத்துல நின்னுக்கினு இருந்தே."

"சித்தப்பாவுக்கு?"

"அவன்தான் மொதல்ல பாத்தான். உன் கையப் பாத்தான். அப்புறம் என்னப் பாத்தான். ஒன்றர வருசத்துல அன்னிக்கித்தான் என் மூஞ்சிய நேரா பாத்தான்." பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அப்பா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பக்கத்தத் திருப்பிப் படிம்மான்னு நான் சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தான். நான் நாடாவ எடுத்துட்டேன். எனக்கு அது சவுகரியமா இருந்துச்சி கஸ்தூரி. கொழந்த மேல பழியப் போட்டுட்டு இருந்துட்டேன்."

என் பயம் எங்கிருந்து எனக்கு வந்தது என்று அன்று தெரிந்துகொண்டேன். அவர் கையைப் பிடித்திருக்கலாம், "ஏன்ப்பா சொல்லல?" என்று கத்தியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அடுத்த வருடமே அவரும் போய்விட்டார்.

பிள்ளைகள் வாங்கித் தரும் புத்தகங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இப்போதும் படிக்கிறேன். சண்டை வரும் பக்கம் வந்தால் புத்தகத்தை மூடத்தான் இன்னும் கை போகிறது. ஆனால் ஒரு வரிகூடத் தாண்டுவதில்லை. நான் படித்த அளவில், மனிதர்கள் உள்ளே பூட்டி வைத்ததெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் வெளியே வருகிறது. கதை எழுதுகிறவர்கள் இரக்கம் இல்லாதவர்கள் என்று சின்ன வயதில் நினைத்தேன். அவர்களுக்கு இருந்த தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

எங்கள் வீடு இருந்த இடத்தில் இன்று மூன்று மாடி நிற்கிறது. கீழே செல்போன் கடை. வாரப்பத்திரிகையைக் காத்திருந்து வாங்குகிற வீடு எதுவும் எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில் இல்லை. அதெல்லாம் போகட்டும். சித்தப்பாவின் மகன் பெங்களூரில் இருக்கிறான். அவன் மகளுக்குக் கல்யாணம் என்று போன மாதம், எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்து என்னைக் கூப்பிட்டான். குரல் அப்படியே சித்தப்பா குரல். தமிழ் மட்டும் கொஞ்சம் யோசித்து யோசித்து வந்தது. நல்லா இருக்கீங்களா, உடம்பு எப்படி இருக்குது, அங்கே மழையா என்று மிக மரியாதையாகக் கேட்டான். நானும் அதே மரியாதையோடு சொன்னேன். "நீங்க கண்டிப்பா வரணும் மேடம்" என்றான். நான் கொஞ்சம் துணிந்து, "நான் உனக்கு அக்காப்பா. அக்கான்னே கூப்புடேன்" என்றேன்.

"ஓ, கண்டிப்பா மேடம்" என்றான் அவன்.